பிளவுஸின் கை இறுகுகிறது. எடைப் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். சென்ற ஆண்டு இவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தாயாருக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்த நாட்களில் தமக்கும் ஒரு பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், நடைப்பயிற்சியோடு எடைப் பயிற்சியும் செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்ல, வீட்டுக்கு அருகில் ஒரு ஜிம்மில் பெண்களுக்கான காலை நேரத்தில் சேர்ந்தார்.

முதல் மாதம் அங்கிருந்த பயிற்சியாளர் இரண்டு கிலோ டம்பெல்லுக்கு மேல் கையில் கொடுக்கவில்லை. பிறகு வந்த பெண் பயிற்சியாளர் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் எடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது) என்று, இருபுறமும் தட்டு மாட்டும் நீண்ட கம்பியான பார்பெல்லுக்கு மாற்றினார். ஆறு வாரத்தில் 30 கிலோ டெட்லிஃப்ட் செய்கிறார். இடுப்பு வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் 64 கிலோவாக இருந்த உடல் எடை 65.2 ஆகிவிட்டது, பள்ளிக்குப் போட்டுப்போகும் பிளவுஸ்களில் மூன்றின் கை இறுகுகிறது, அதைக் கண்ட மாமியார், “இப்படியே போனா ஆம்பளை மாதிரி ஆயிடுவே” என்றிருக்கிறார். இன்னும் மூன்று மாதத்தில் நாத்தனார் வீட்டில் கல்யாணம். எல்லோரும் பார்ப்பார்கள். எடைப் பயிற்சியை விட்டுவிட்டு நடை, ஜும்பா நடனப் பயிற்சி என்று போய்விடலாமா? நிறுத்தினால் வளர்ந்த தசை கொழுப்பாகிவிடுமா? தும்மினால் சிறுநீர் கசிகிற எனக்குக் கனம் தூக்கினால் கருப்பை இறங்காதா? பழைய பயிற்சியாளர் வாங்கச் சொல்லும் பவுடரை வாங்கலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் அளவோடு எழுதியிருப்பது. விளையாட்டு மருத்துவம் பார்க்கும் என்னிடம் வரும் பெண்களில் பலர் “வெயிட் தூக்கினா குண்டாயிடுவேனா டாக்டர்” என்று மட்டும் கேட்பார்கள். எங்கே, எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் மூன்று பிளவுஸ் என்று எண்ணிச் சொல்கிறீர்கள். அந்தப் பிளவுஸிலிருந்தே தொடங்குகிறேன். அது இறுகுவது உங்கள் பிரமை அல்ல, உண்மையாகவே இறுகியிருக்கும். அதற்கு நீங்கள் கொண்ட பொருள்தான் சரியல்ல.

நாம் போடும் உடைகளில் பிளவுஸின் கையைப் போல இடம் கொடுக்காத துணி வேறில்லை. சுடிதாரிலோ சட்டையிலோ கைக்குள் காற்றுக்கு இடம் இருக்கும். பிளவுஸையோ சுற்றளவுக்கு மேல் அரை அங்குலம்கூட விடாமல் பிடித்துத் தைப்பதுதான் வழக்கம். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். மேற்கையின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடினால், கையின் குறுக்களவு கூடுவது மூன்று மில்லிமீட்டர்தான். கண்ணாடியில் அது தெரியாது, எதிரில் நிற்பவருக்கும் தெரியாது. பிளவுஸுக்கு மட்டும் தெரியும். உங்கள் மாமியார் கண்டது உங்கள் கையை அல்ல, தையல் இழுத்துக்கொண்டு நின்ற துணியை என்பது என் ஊகம்.

அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? ஆறு வாரத்தில் அதில் பெரும்பங்கு புதுத் தசையாக இருக்க வாய்ப்பில்லை. பயிற்சி தொடங்கும் வாரங்களில் வலிமை கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு மண்டலம்தான். ஏற்கெனவே உள்ள தசை இழைகளை ஒருசேர வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்கிறது. இரண்டு கிலோவிலிருந்து 30 கிலோவுக்கு நீங்கள் வந்தது அப்படித்தான். இதோடு, பழக்கமில்லாத வேலையால் தசைக்குள் நுண்ணிய சிதைவும் அதைச் சீர்செய்யும் நீர்க்கோப்பும் ஏற்படுகின்றன. பயிற்சிக்குப் பழகும் தசை கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. எடைக்கருவியில் நீங்கள் கண்ட 1.2 கிலோவில் இந்த நீருக்குப் பெரும்பங்கு உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எடை பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பங்கு. ஜிம் போய் வந்த பசியில் இட்லி ஒன்றிரண்டு கூடியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடியிருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனி எடைக்கருவியை விட்டுவிட்டு அங்குல டேப்பை எடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில், பயிற்சிக்கு முன்பு, தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவையும், தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றின் சுற்றளவையும் குறித்து வையுங்கள். பயிற்சி முடித்த கையோடு அளந்தால் இரத்தம் ஏறிய தசையின் அளவுதான் கிடைக்கும். அது சில மணி நேரத்தில் வடிந்துவிடும். உங்கள் விஷயத்தில் கையைவிட வயிறுதான் முக்கியம். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. உடல் நிறைக் குறியீடு நமக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம் என்று கொள்ள வேண்டும். 156 சென்டிமீட்டர் உயரமுள்ள உங்களுக்கு அது 26-க்கும் மேல்.

‘ஆம்பளை மாதிரி’ ஆவதற்கு என்ன வேண்டும்

ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோனின் அளவு இரத்தத்தில் பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். ஆண்களுக்கு 300 முதல் 1000 வரை. ஆணின் தோளும் மார்பும் விரிவதற்குப் பதின்பருவத்திலிருந்தே இந்த ஹார்மோன் வேலை செய்கிறது. நாற்பத்தொரு வயதில், வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போவதால் அந்த வேறுபாடு அழிந்துவிடாது. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இந்த ஹார்மோன் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அப்போதும் ஆண்களின் அளவை நெருங்குவதில்லை. அவர்களுக்கும் எடைப் பயிற்சி நன்மையே செய்யும்.

ஆனால் இதையே காரணம் காட்டி, ‘பெண்களுக்குத் தசையே வளராது, பயப்படாதீர்கள்’ என்று சமாதானம் சொல்லும் பயிற்சியாளர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மாதிரிப் பயிற்சி செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும், தொடக்க அளவோடு ஒப்பிட்டு விழுக்காட்டில் பார்த்தால், தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பெண்ணின் தொடக்க அளவு, அதிலும் இடுப்புக்கு மேலே, குறைவு. ஆகையால் கூடுவதும் குறைவு. உங்களுக்கும் தசை வளரும். ஓராண்டு ஒழுங்காகச் செய்தால் தோள் சற்று உருண்டு தெரியும், கெண்டைக்கால் இறுகும், கையைத் தூக்கினால் ஒரு கோடு விழும். இதை உங்களிடமிருந்து மறைத்து ஜிம்முக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அது வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் வரும். வரும்போது உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் வரும். போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தூங்கி எழுந்து பார்த்தால் பயில்வானாகியிருக்கும் ஆபத்து யாருக்கும் இல்லை. அப்படி ஆக முடிந்தால் என்னிடம் வரும் கல்லூரிப் பையன்கள் எவ்வளவோ சந்தோஷப்படுவார்கள்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் மொத்தம் 170 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2017 உலகப் போட்டியில் அதே பிரிவில் 194 கிலோ, தங்கம். பிரிவுகள் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ, வெள்ளி. ஏழு ஆண்டுகளில் அவர் தூக்கிய பளு 32 கிலோ கூடியது; போட்டியிட்ட எடைப் பிரிவு ஒரு கிலோதான் கூடியது. நாட்டிலேயே மிகக் கடுமையாகப் பளு தூக்கிய பெண்களில் ஒருவரின் கதை இது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு: 1994, 1995 ஆண்டுகளில் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி, 2000-இல் சிட்னியில் வெண்கலம் வென்றது 69 கிலோ பிரிவில். உடல் எடையைக் கூட்டவும் முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அதற்குத் தேவைப்படுவது செலவழிப்பதைவிட அதிகமான உணவும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும். பார்பெல் தானாக அதைச் செய்துவிடாது; சோறும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

கைப்பேசியில் வரும் பெண் பாடிபில்டர்களின் படங்களைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை பல ஆண்டு உழைப்பு, மேடைக்காக நீரையும் உப்பையும் குறைத்த உடல், ஒளியமைப்பு, எண்ணெய்ப் பூச்சு எல்லாம் சேர்ந்தவை. சிலரிடம் ஸ்டீராய்டு ஊசியும் சேர்ந்திருக்கும். அந்த ஊசியால் குரல் கட்டையாகிவிட்டால், நிறுத்திய பின்னும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். உங்கள் பாதை அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு கிலோ டம்பெல்லும் 25 கிலோ அரிசி மூட்டையும்

இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ‘லேடீஸுக்கு லைட் வெயிட் போதும், நிறையத் தடவை செய்தால் டோன் ஆகும்’ என்று உங்கள் முதல் பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ‘டோன்’ என்று தனியாக ஒன்று தசைக்கு நேர்வதில்லை. தசை வளரும் அல்லது தேயும். மேலே உள்ள கொழுப்பு கூடும் அல்லது குறையும். கை உறுதியாகத் தெரிய வேண்டும் என்று விரும்புபவருக்குத் தசை சற்று வளர்ந்து கொழுப்பு சற்றுக் குறைய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். குறைந்த எடையாலும் தசை வளரும், ஆனால் இனித் தூக்க முடியாது என்னும் களைப்பின் விளிம்பு வரை சென்றால்தான். பாட்டுக்கு ஏற்ப இருபது முறை ஆட்டி வைத்துவிடும் இரண்டு கிலோ டம்பெல் அந்த விளிம்பின் அருகில்கூடப் போகாது.

நீங்கள் மாதாமாதம் என்ன தூக்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 25 கிலோ அரிசி மூட்டையை வாசலிலிருந்து சமையலறைக்கு யார் இழுத்து வருகிறார்கள்? 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய வீட்டு சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ. அதைச் சாய்த்து உருட்டி அடுப்படியில் நிறுத்துவது யார்? தண்ணீர் வராத நாளில் நிறைகுடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறியதில்லையா? நீங்கள் தூக்கும் 30 கிலோ டெட்லிஃப்ட் என்பது 20 கிலோ கம்பியும் பக்கத்துக்கு ஐந்து கிலோ தட்டும், ஒரு சிலிண்டர். ஒரே வேறுபாடு, ஜிம்மில் முதுகை நேராக வைத்து, இடுப்பை மடித்து, மூச்சோடு தூக்குகிறீர்கள். வீட்டில் அவசரத்தில் முதுகை வளைத்து இழுக்கிறீர்கள். இடுப்பு வலி குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டட வேலையில் சிமென்ட் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி நாள் முழுக்க மாடி ஏறும் சித்தாள் பெண்களைப் பார்த்து ‘ஆம்பளை மாதிரி ஆயிடுவே’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூலிக்கும் குடும்பத்துக்கும் தூக்கினால் அது வேலை. தன் உடம்புக்காகத் தூக்கினால் மட்டும் பேச்சு வருகிறது.

எவ்வளவு எடை சரி என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு முறை தூக்கிவிட்டு வைக்கும்போது, இன்னும் இரண்டு அல்லது மூன்று முறைதான் ஒழுங்காகத் தூக்க முடியும் என்று தோன்ற வேண்டும். பத்து முறை முடிந்ததும் பேசிக்கொண்டே இன்னும் இருபது தூக்க முடிந்தால் எடை போதாது. முதுகு வளைந்தால் எடை அதிகம். உங்கள் பெண் பயிற்சியாளர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்களை வைத்திருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவரை விட்டுவிடாதீர்கள்.

நடையும் ஜும்பாவும் மட்டும் போதுமா

இதயத்துக்கும் மனதுக்கும் அவை நல்லவை, விடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலேயே இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன, அந்த இரண்டுக்கும் தசையும் எலும்பும் கனத்தைச் சந்தித்தாக வேண்டும்.

முதலாவது, உங்கள் 6.1. இது 5.7 முதல் 6.4 வரையுள்ள முன்நீரிழிவு எல்லைக்குள் இருக்கிறது. சாப்பிட்ட பின் இன்சுலின் தள்ளிவிடும் சர்க்கரையில் மிகப் பெரும்பங்கைக் கொள்வது எலும்புத் தசைதான். தசை நமக்குச் சர்க்கரைக் கிடங்கு. முப்பது வயதுக்குப் பின், எதுவும் செய்யாமல் விட்டால், பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு விழுக்காடு வரை அந்தக் கிடங்கு சுருங்குகிறது. வயது ஏற ஏற அதே சோறு, அதே இட்லி, ஆனால் சர்க்கரை மட்டும் ஏறுவதற்கு இது ஒரு காரணம். நீங்கள் பயப்படுகிற அந்தச் சிறு தசைதான் உங்கள் மருத்துவர் மாத்திரைக்குப் பதிலாக எழுதிக்கொடுத்த மருந்து.

இரண்டாவது, உங்கள் தாயாரின் இடுப்பெலும்பு. தாய்க்கு இடுப்பு முறிவு என்பது மகளுக்கும் ஆபத்துக் கணக்கில் சேரும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு வேகமாகத் தேயும். உங்களுக்கு அதற்கு இன்னும் சில ஆண்டுகள்தான். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் நடத்திய லிஃப்ட்மோர் என்னும் ஆய்வில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தியும் குறைந்திருந்த 101 பெண்கள் கலந்துகொண்டனர். சராசரி வயது 65. ஒரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் டெட்லிஃப்ட், ஸ்குவாட் போன்றவற்றைக் கனமான எடையோடு செய்தனர். மற்றவர்கள் வீட்டில் இலேசான பயிற்சி செய்தனர். எட்டு மாத முடிவில் முதல் பிரிவினரின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 விழுக்காடு கூடியது, மற்றவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இலேசான பயிற்சியை எலும்பு பொருட்படுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நடை போன்றவற்றுக்கு வாரம் 150 நிமிடங்கள் என்று சொல்வதோடு நிற்காமல், தசையை வலுப்படுத்தும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கருப்பை, கசிவு

இந்தப் பயம் ஆதாரமே இல்லாதது என்று தள்ளிவிட மாட்டேன். கருப்பை இறக்கத்துக்குப் பிரசவம், உடல் பருமன், நாள்பட்ட மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றோடு, ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றிச் செய்யும் கனமான வேலையையும் காரணமாகச் சொல்வதுண்டு. பிரசவமான பத்தாம் நாளே வயலுக்குப் போய்ச் சுமை தூக்கிய பாட்டிமார்களைப் பார்த்துத்தான் இந்த எச்சரிக்கை நம் வீடுகளில் பிறந்திருக்க வேண்டும். படிப்படியாக எடை கூட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வெடுத்து, மூச்சோடு செய்யும் பயிற்சி அதைப் போன்றதல்ல.

ஆனால் தும்மினால் கசிகிறது என்பதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அதற்குத்தான் முதலில் மருத்துவம் தேவை. இரண்டு பிரசவத்துக்குப் பின் இது சகஜம் என்று பொறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். சகஜம்தான், ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை உள்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இறக்கம் இல்லை அல்லது மிகக் குறைவு என்றால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இடுப்புத் தளத் தசைகளுக்கான கெகல் பயிற்சியை முறையாகக் கற்று மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். புத்தகம் பார்த்துச் செய்பவர்களில் பலர் இறுக்க வேண்டிய தசைக்குப் பதில் வயிற்றை இறுக்குகிறார்கள். எடையைத் தூக்கும் நொடியில் மூச்சை அடைக்காமல் வெளியே விடுங்கள். எந்த எடையில் கசிவு வருகிறதோ அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு, தசை வலுப்பெற்றதும் ஏறுங்கள். பெண்ணுறுப்பில் கனம் இழுப்பது போலவோ எதுவோ கீழே இறங்குவது போலவோ தோன்றினால், அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இதோடு இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பயிற்சியில் சோர்வு வந்தால் மனவலிமை இல்லை என்று உங்களையே நொந்துகொள்வதற்கு முன் அதைச் சோதிப்பது நல்லது.

பவுடர்

வாங்காதீர்கள். பழைய பயிற்சியாளர் சொல்லும் ‘மாஸ் கெயினர்’ டப்பாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. எடை குறைவான பையன்கள் எடை கூட்டுவதற்காக விற்கப்படுவது. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதைச் செய்வதற்கென்றே தயாரானது, உங்கள் சர்க்கரைக்கும் ஆகாது. ஜிம் கட்டணம் கட்டிய ஒருவரைப் பவுடர் வாங்கச் சொல்லி வற்புறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. அதை நிர்வாகத்திடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. லேபிள் இல்லாத மாத்திரை, ‘ஃபேட் பர்னர்’, ஊசி என்று எது வந்தாலும் தொடாதீர்கள்.

புரதம் மட்டும் தேவை. பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு 75 கிராமுக்கு மேல். இட்லி சாம்பார், சாம்பார் சாதம், தோசை என்று ஓடும் நாளில் அதில் பாதி வந்தால் பெரிது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14 கிராம், நூறு கிராம் பனீரில் 18 கிராம். காலையில் இரண்டு முட்டையும் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்துச் சோற்றை ஒரு கரண்டி குறைத்தால் கணக்கு வேகமாக நெருங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு ஏதும் உண்டா என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முழுவதுமாக நிறுத்துவது ஒரு வழி. நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறாது. இரண்டும் வேறு வேறு திசுக்கள், ஒன்று மற்றொன்றாக மாறும் வழியே இல்லை. நடப்பது வேறு: தசை மெல்லச் சுருங்கும், பசி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும், மிஞ்சிய உணவு கொழுப்பாகச் சேரும். விளையாட்டை விட்டவர்கள் பருத்துப்போவதைப் பார்த்துத்தான் ‘தசை கொழுப்பாகிவிட்டது’ என்று சொல்கிறார்கள்.

இப்போது செய்வதை அப்படியே தொடர்வது இரண்டாவது. மருத்துவராக நான் விரும்புவது இதைத்தான்.

மூன்றாவது, உங்கள் மனத்தடைக்கு இடம் கொடுத்துச் சற்று மாற்றிக்கொள்வது. கை பருப்பது உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால், அது உங்கள் உடல், உங்கள் விருப்பம். அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை. முன்கை மடக்கும் பைசெப்ஸ் பயிற்சியையும் பின்கைக்கான டிரைசெப்ஸ் பயிற்சியையும் விட்டுவிடுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், டம்பெல்லை நெஞ்சருகே இழுக்கும் ரோ, தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ் ஆகிய நான்கை மட்டும் வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் எலும்புக்கும் வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். மற்ற நாட்களில் ஜும்பா ஆடுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்று இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இந்த மூன்றாவது வழியைத்தான். அவர்களில் பலர் சில மாதங்களில் தாமாகவே இரண்டாவதுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் பிடிக்காதது உங்களுக்கா, மாமியாருக்கா என்பதை மட்டும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கடிதத்தில் உங்கள் குரலில் இருப்பது மாடிப்படியும் இடுப்பு வலியும். பருமன் என்ற சொல் வரும் இடமெல்லாம் வேறொருவர் பேசுகிறார். மாமியாரோடு வாதம் வேண்டாம். கல்யாணமாகி வந்த புதிதில் ஆட்டுக்கல்லில் எத்தனை படி அரிசி ஆட்டினார், கிணற்றிலிருந்து எத்தனை குடம் இறைத்தார் என்று ஒருநாள் மாலையில் கேட்டுப் பாருங்கள். என் மாமியாரிடம் நான் கேட்டபோது ஒரு மணி நேரம் பேசினார், கடைசியில் தன் கையை மடக்கிக் காட்டினார். உங்கள் மாமியாருக்கும் எலும்பு தேயும் வயதுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியை அவருக்கும் கற்றுக்கொடுக்கலாம். உங்கள் தாயாருக்கு அதைத் தொடங்குமுன் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குத் தைக்கும் பிளவுஸுக்கு இப்போதே அளவு கொடுக்காதீர்கள். கல்யாண நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, ஜிம்முக்குப் போகாத ஒரு நாளில் அளவு கொடுங்கள். இரு கையிலும் உள்ளே முக்கால் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பழைய மூன்றையும் பிரித்துப் பாருங்கள், நல்ல தையற்காரராக இருந்தால் உள்ளே துணி விட்டிருப்பார். அதே வாரத்தில் ஹெச்பிஏ1சியையும் மறுபடி எடுத்துவிடுங்கள். பயிற்சி தொடங்கிய பின் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது தெரியும். கை, வயிறு இரண்டின் அளவோடு அந்த எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.